வியாகுலத்தின் கையாட்கள்

புரட்டாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, வடசேரிச் சந்தைக்குப் பின்னால் பழைய அரிசிக் கிடங்கின் மாடியில் இருந்த மென்பொருள் கம்பெனியின் கணினி அறைக்குள்ளிருந்து முப்பது பேருக்கு மேல் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, செருப்பில்லாத கால்களோடு படியிறங்கி, தெருவில் வெயில் விழுந்த பக்கமாக வரிசையாக நின்றார்கள். அதற்கு முன்பு அந்த அறைக்குள் சில கணினிப் பெட்டிகளும் ஒரு ஏசியும் ஒரு பல்லியும்தான் இருந்தன. வந்தவர்களுக்கு ஒரே உயரம், ஒரே முகம், ஒரே சாம்பல் நிற உடுப்பு. ஆணா பெண்ணா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இடது காலில் பாரத்தைப் போட்டு வலது காலைக் கொஞ்சம் மடக்கி நின்றார்கள். அப்படி நிற்பது அந்தக் கம்பெனியில் வியாகுலமேரி ஒருத்திதான் என்பதால், கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த ராஜம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வியாகுலம், ஒன் ஆளுவ வந்திருக்கு!"

வியாகுலம் இறங்கி வந்து பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் அவள் எழுதிவைத்த கையாட்கள்.

வியாகுலத்தின் ஊரான புன்னைத்துறையிலிருந்தும் அதற்கு அப்பாலுள்ள துறைகளிலிருந்தும் கடலுக்குப் போகிற ஒவ்வொரு வள்ளத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி இருந்தது. வள்ளம் எங்கே நிற்கிறதென்று அது கரைக்குச் சொல்லும், காற்று மாறினால் கரை சொல்வதை வள்ளத்துக்குச் சொல்லும். அந்தச் சேதிகளெல்லாம் முதலில் வந்து சேர்வது வியாகுலம் எழுதிய கணினி நிரலிடம். பஸ் ஸ்டாண்டில் நின்று "அதுல ஏறு, இதுல எடம் இருக்கு" என்று ஆள் ஏற்றிவிடுகிறவரின் வேலைதான் அந்த நிரலுக்கு: எந்தக் கணினிக்குப் பாரம் குறைவோ அதனிடம் சேதியை அனுப்ப வேண்டும், ஒன்று மயங்கி விழுந்தால் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்றவற்றுக்குப் பங்கிட வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமில்லை என்பதால், ஒரே நேரத்தில் ஓடியாடிச் செய்ய நிரலுக்குள் இத்தனை கையாட்களை அவள் படைத்துவிட்டிருந்தாள். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்தார்கள். அன்றைக்குத் தெரிந்தார்கள், அவ்வளவுதான்.

கடல் அடங்கிக் கிடந்த நாளில் நிரலுக்கு ஒரு குறையும் இல்லை. போன கார்த்திகையில் காற்று அடித்தபோது, துறையிலுள்ள அம்மைமார்களும் பெண்டாட்டிகளும் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போனில் "என் ஆள் எங்கே, என் ஆள் எங்கே" என்று கேட்க, நிரல் விழுந்தது. எழுப்பிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. அது விழுவதற்கும் எழுவதற்கும் நடுவில், திரும்பு என்று சொல்ல வேண்டிய சேதி போய்ச் சேர இடமில்லாமல் அலைந்தது. வியாகுலத்தின் தம்பி ததேயுவின் வள்ளம் மேற்கே அடித்துக்கொண்டு போய் ஏதோ தீவில் ஒதுங்க, தோல் உரிந்து, குரல் போய், எலும்பும் கண்ணுமாக அவன் வீடு வந்து சேர்ந்தான். பக்கத்து வீட்டு மிக்கேலின் வள்ளம் வரவேயில்லை.

யாரும் வியாகுலத்தைக் குறை சொல்லவில்லை. நிரல் என்று ஒன்று இருப்பதே துறையில் பலருக்குத் தெரியாது. ததேயு உடம்பு தேறியதும் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினான், போகும்போதெல்லாம் அக்காளிடம் சொல்லிவிட்டுப் போனான், அவள் தலையாட்டினாள். இனியொரு கார்த்திகை வருவதற்குள் நிரல் ஏன் விழுகிறதென்று கண்டுபிடிக்காவிட்டால் தம்பி மறுபடி ஒதுங்குவதற்குத் தீவு இருக்குமோ இருக்காதோ என்று நினைத்துக்கொண்டேதான் அவள் ஒவ்வொரு நாளும் மாடிப்படி ஏறினாள்.

கண்டுபிடிப்பது லேசாக இல்லை. ஒரு தடவை இங்கே விழும், மறுதடவை அங்கே விழும். மெதுவாக ஓட்டினால் விழாது. வரிவரியாக நிறுத்திப் பார்த்தால் விழாது. என்ன நடக்கிறதென்று குறித்துவைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால், அந்த வரியை எழுதும் தாமதத்திலேயே விழாமல் போய்விடும். வீட்டில் கிடந்து இருமிவிட்டு டாக்டர் முன்னால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற பிள்ளையைப் போல அது அவளை ஏய்த்தது.

"நீ பாக்காத நேரமாப் பாத்துல்லா விழுது பிள்ளே" என்றார் கம்பெனி முதலாளி தாணுமூர்த்தி. "நீ பாக்கறத நிறுத்திட்டா, விழுறதையும் நிறுத்திருமோ என்னவோ."

"அண்ணாச்சி, பாக்கலைன்னா விழலைன்னு எப்படித் தெரியும்?"

"அதும் சரிதான்" என்று அவர் காப்பி குடிக்கப் போனார்.

கையாட்கள் கண்ணுக்குத் தெரிந்ததும், இனி எளிதென்று வியாகுலம் நினைத்தாள். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, ஆயிரக்கணக்கான பொய்ச்சேதிகளை நிரலுக்குள் கொட்டி ஒரு பொய்ப்புயலைக் கிளப்பிவிட்டு, ஜன்னலில் நின்று பார்த்தாள். கீழே கையாட்கள் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் காற்றாகப் பறந்தார்கள். திடீரென்று யாரோ ஒருவர் நடையில் நிற்பார், நின்ற மறுகணம் எல்லோரும் கற்பூரம் போலச் சாம்பலில்லாமல் மறைந்துபோவார்கள். யார் நின்றார், எதற்கு நின்றார் என்று கண் பிடிப்பதற்குள் தெரு வெறுமையாகிவிடும். அவள் நிரலை எழுப்பிவிட, மறுபடி கணினி அறைக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராக, முன்னே நடந்தது எதுவும் நினைவில்லாமல், படியிறங்கி வருவார்கள்.

தெரு இதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சும்மா நிற்கிறவர்களிடம் வேலை சொன்னால் மறுக்காமல் செய்கிறார்கள் என்று முதலில் கண்டுகொண்டவள் ராஜம்மாதான். அதன் பிறகு சந்தைக்கு வருகிற மரச்சீனிக் கிழங்கு மூட்டைகளை அவர்கள் இறக்கினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரோடு கடத்திவிட்டார்கள், ரேஷன் கடையில் ஆளுக்கொரு மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசையே இல்லாமல் செய்தார்கள். வரிசையில் நின்று ஊர்க்கதை பேசிப் பழகிய பெண்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், இவர்களுக்கு அடையாள அட்டை உண்டா என்று அதட்டிக் கேட்டுவிட்டு, போகும்போது ஸ்டேஷனில் பீரோ நகர்த்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று மாதாகோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை கேட்டதற்குப் பங்குச்சாமியார் வெகுநேரம் யோசித்து, "குடுக்கலாம், ஆனா தெனமும் மத்தியானம் விழுந்து எழும்புறாங்களே, தெனமுமா குடுக்கறது?" என்று கையை விரித்துவிட்டார்.

"வியாகுலம், இன்னைக்குப் புயல் எப்பம் விடுவே?" என்று ராஜம்மா கீழிருந்து கேட்பாள். "அதுக்கு முந்தி என் கூடையை எறக்கி வச்சிரட்டும். நேத்து பாதிப் படியில மறைஞ்சு போயி பிச்சிப்பூவெல்லாம் மண்ணாப் போச்சு."

ஐப்பசி பிறந்ததும், ஒரே நேரத்தில் பலர் கணினிப் பட்டியலில் கை வைப்பதால்தான் விழுகிறதோ என்று வியாகுலம் ஒரு பூட்டுப் போட்டாள். பட்டியலைப் பார்க்க விரும்புகிற கையாள் முதலில் சாவியை வாங்க வேண்டும், பார்த்து முடித்துச் சாவியைக் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் பார்க்கலாம். நிரல் விழவில்லை. கையாட்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள், வரிசை சந்தையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பாலத்தில் ஏறியது. காலையில் அனுப்பிய பொய்ச்சேதிக்கு மத்தியானம் பதில் வந்தது.

"விழலியே! அது போதாதா?" என்றார் தாணுமூர்த்தி.

"காத்து மத்தியானம் வரைக்கும் காத்து நிக்குமா அண்ணாச்சி?" என்றாள் வியாகுலம். பூட்டைக் கழற்றிவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் தாணுமூர்த்தியின் மகளுக்குக் கல்யாணம். ஊரே வரப்போகிறது, பரிமாற ஆள் போதாது, கையாட்களைக் கொஞ்சம் விட்டுத்தர முடியுமா என்று அவர் கேட்க, வியாகுலம் சம்மதித்தாள். அவர்களும் மண்டபத்துக்கு வந்து, வாளியும் கரண்டியும் ஏந்தி, யாரும் இதுவரை கண்டிராத வேகத்தில் பரிமாறினார்கள். எந்தப் பந்தியில் இடம் இருக்கிறதோ அங்கே ஆட்களை உட்கார வைத்தார்கள். அவியல் கேட்டவர் வாய் மூடுவதற்குள் அவியல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோனார்கள். கூட்டம் ஏற ஏற, வாசலில் கார்கள் வந்து நிற்க நிற்க, கையாட்கள் இன்னும் வேகமானார்கள். அந்த வேகத்தைக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்த வியாகுலம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டதில் ருசி தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமா பிரமநாயகம் நிதானமாகச் சாப்பிடுகிறவர். அடைப்பிரதமன் பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, அதில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப்பழத்தை உரித்துச் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு பிசைந்துகொண்டிருந்தார். அவரது பந்தியில் பாதிப்பேர் எழுந்தாயிற்று. கலவறையிலிருந்து எட்டிப்பார்த்த சமையல்காரர், "அந்தப் பந்தி முடிஞ்சுது!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற கையாளுக்கு அந்த ஒரு சொல் போதும். சரசரவென்று இலைகளைச் சுருட்டிக்கொண்டே வந்து, பிரமநாயகத்தின் கைக்கு அடியிலிருந்த இலையையும் உருவிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதே நேரம், அதே இலைக்கு இன்னும் ஒரு கரண்டிப் பிரதமன் கொண்டுவரப் புறப்பட்டிருந்த இன்னொரு கையாள் வந்து குனிந்து, இலை இருந்த இடத்தில் ஊற்றினார். இலை அங்கே இல்லை. பிரதமன் மேசையில் விழுந்து, வழிந்து, பட்டு வேட்டியில் இறங்கியது.

ஊற்றிய கையாள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். பிறகு மண்டபம் முழுக்க இருந்த கையாட்கள் எல்லோரும் மறைந்தார்கள். வாளிகள் மட்டும் ஒரு நொடி அந்தரத்தில் நின்று, யோசித்து, தரையில் விழுந்தன.

நாதஸ்வரம் நின்றது. அந்த நாட்டில் ஒருவரை எழுந்து போ என்று வாயால் சொன்னால்கூட நாளடைவில் மன்னித்துவிடுவார்கள். உண்கிற கைக்கு அடியிலிருந்து இலையை எடுத்த வீட்டோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. தாணுமூர்த்தி தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிரமநாயகம் எழுந்திருக்கவில்லை, வெறும் மேசையின் முன்னால் கை காய உட்கார்ந்திருந்தார்.

"பந்தி முடிஞ்சுதுன்னு யாரு ஓய் சொன்னா?" என்று கேட்டார். "நான் எழும்பினேனா? ஒருத்தன் இலையில கை வச்சிட்டு இருக்கையிலே அந்தப் பந்தி எப்படி ஓய் முடியும்?"

"அதான்!" என்று கடைசிப் பந்தியிலிருந்து ஒரு குரல் கேட்டது. வியாகுலம் எழுந்து நின்று, எச்சில் கையை மறந்து, கைதட்டினாள். "அதேதான்! அதேதான் அண்ணாச்சி!"

"இங்க என் மானம் போயிட்டிருக்கு, ஒனக்குக் கைதட்டு கேக்குதா பிள்ளே?" தாணுமூர்த்திக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கை கழுவிவிட்டு, ஒரு தலைவாழை இலையைத் தானே எடுத்துவந்து, பிரமநாயகத்தின் முன்னால் விரித்து, தண்ணீர் தெளித்தாள்.

"மாமா, தப்பு அவங்க மேல இல்ல, என் மேல. முடிஞ்சுதுன்னு ஒருத்தர் சொன்னா ஒடனே எடுத்து எறின்னு நான்தான் அவங்களுக்கு எழுதி வச்சிருக்கேன். யாராவது கை வச்சிருக்காங்களான்னு பாக்கச் சொல்லல."

"ஒன்ன ஒங்க அம்மை ஒரு கல்யாணத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்லையா?"

"போயிருக்கா மாமா. எழுதும்போது மறந்துட்டேன்."

பிரமநாயகம் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்த முகத்தில் குற்ற உணர்ச்சிக்குப் பதிலாக, பெருநாள் காலையில் பிள்ளைகளின் முகத்தில் இருக்கிற வெளிச்சம் இருந்தது. கோபத்தை அந்த வெளிச்சத்தின் முன்னால் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"பிரதமன் இருக்கா, தீந்துட்டா?" என்றார்.

"இருக்கு மாமா."

"பழம் ரெண்டா வையி."

நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது.

கலவறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, தலையில் பூவோடும் பட்டுச்சேலையோடும் வியாகுலம் நிரலைத் திருத்தினாள். எதிரே நின்ற தாணுமூர்த்திக்கு எழுதிக்கொண்டே சொன்னாள்.

"கணினி ஒண்ணு மயங்கினா அது பேர எடுத்துட்டுப் புதுப் பட்டியல் போடுறோம், பழசக் கிழிச்சு எறியறோம். எறியற நேரத்துல வேற ஒருத்தர் அந்தப் பழசத்தான் வாசிச்சிட்டு இருக்காரு. வாசிக்கிறவர் கையில ஒண்ணும் இல்லாமப் போவுது, அவரு விழறாரு, அவரோட எல்லாரும் விழறாங்க. காத்தில்லாத நாள்ல கணினி மயங்காது, பட்டியலும் மாறாது. கூட்டம் வந்தாத்தான் மயங்கும். அதே கூட்டத்துலதான் வாசிக்கிறவங்களும் நெறைய."

"இப்ப என்ன செய்யப் போற?"

"புதுசா வர்றவங்கள புதுப் பந்தியில இருத்தணும். பழைய பந்தியில இருக்கிறவங்க சாப்பிட்டு முடிக்கட்டும். கடைசிக் கை இலைய விட்டு எழும்பின பெறவுதான் எடுக்கணும். சாவியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்."

மறுநாள் அவள் கிளப்பிய பொய்ப்புயலில் நிரல் விழவில்லை. அதைவிடப் பெரியதொன்றைக் கிளப்பினாள், விழவில்லை. கணினிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே நிறுத்திப் பார்த்தாள், விழவில்லை. ராஜம்மா தன் கூடையைத் தைரியமாகக் கையாட்களிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டாள். ஆனால் பொய்க்காற்று வேறு, மெய்க்காற்று வேறு என்பது வியாகுலத்துக்குத் தெரியும். அவள் கார்த்திகைக்குக் காத்திருந்தாள்.

காற்று வந்தது. கண்ணாடி போன்ற காலை ஒன்றில், ததேயு உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் கடலில் இருக்கும்போது, தென்கிழக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் எழுந்து, வேளிமலையின் தலையைத் தொட்டுத் தென்னைகளைச் சீவிக்கொண்டு வந்தது. திரும்பு என்ற சேதி புறப்பட்டது. துறைகளிலிருந்து அம்மைமார்கள் கேட்டார்கள், பெண்டாட்டிகள் கேட்டார்கள், வளைகுடாவிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் பிள்ளைகள் கேட்டார்கள், போன வருஷத்தை மறக்காத ஊர்கள் அத்தனையும் ஒரே மூச்சில் கேட்டன, வியாகுலம் கிளப்பிய எந்தப் பொய்ப்புயலிலும் இல்லாத அளவுக்குக் கேள்விகள் வந்து கொட்டின. வடசேரித் தெருவில் கொட்டுகிற மழையில் கையாட்கள் ஓடினார்கள். சந்தைக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள்.

முதல் கணினி மயங்கியது. வியாகுலம் மேலே திரையைப் பார்த்தபடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே புதிதாக வந்த சேதிகள் புதுப் பட்டியலுக்குத் திரும்பின. பழையதில் கை வைத்திருந்தவர்கள் முடித்துக்கொண்டு எழுந்தார்கள். யாரும் மறையவில்லை. இன்னொரு கணினி மயங்கியது. தெரு நடுவில் ஒரு கையாள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார்.

"போச்சு!" என்று ராஜம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

நின்றவர் பழைய பட்டியலை எடுக்க வந்தவர்; அதை வாசித்துக்கொண்டிருந்தவர் முடிக்கட்டும் என்று நின்றார். அவர் முடித்ததும் தூக்கிய காலை ஊன்றி ஓடினார். தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்த ஆரவாரத்தில் இடிச்சத்தம் கேட்கவில்லை. மேலே திரையில், மேற்கே வெகுதூரத்தில் நின்ற ததேயுவின் வள்ளத்துக்கு நேரே சேதி சேர்ந்ததென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளி கரையைப் பார்த்து நகரத் தொடங்கியது. வியாகுலம் மேசையை விட்டுக் கையை எடுத்தாள்.

சாயங்காலம் காற்று அடங்கி, கேள்விகள் குறைந்ததும், கையாட்களில் பாதிப்பேர் தாங்களாகவே வியாகுலத்தோடு புன்னைத்துறைக்குப் புறப்பட்டார்கள். மினி பஸ் கண்டக்டர் அவர்களை ஏறிட்டுப் பார்த்து, "எல்லாம் ஒரே மூஞ்சி, ஒரு டிக்கெட்டு போதும்" என்று வியாகுலத்திடம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

துறையில் ஊர் முழுக்க நின்றது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக அலையைப் பிளந்து வந்தன, ஒவ்வொன்றும் மணலைத் தொடும்போது ஒரு வீட்டிலிருந்து அழுகையும் சிரிப்பும் ஒன்றாக எழுந்தன. எல்லாம் வந்துவிட்டன, ததேயுவினது மட்டும் வரவில்லை. இருட்ட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. கையாட்கள் வியாகுலத்தைச் சுற்றி, அவளைப் போலவே ஒரு காலை மடக்கி, கடலைப் பார்த்து நின்றார்கள்.

பிறகு ஒரு வள்ளத்துக்குப் பதிலாக இரண்டு தெரிந்தன. எஞ்சின் செத்துப்போன வேற்றூர் வள்ளமொன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ததேயு வந்துகொண்டிருந்தான், அதனால்தான் தாமதம். அலைக்குள் குதித்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவன், தன் அக்காளையும் அவளைச் சுற்றி நின்ற முகங்களையும் பார்த்தான்.

"எக்கா, இதெல்லாம் யாரு?"

"என் ஆளுவ."

"எல்லாம் ஒன்ன மாதிரியே நிக்குது." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தச் சேதி வரும்போது கடல் கண்ணாடியாட்டு கெடந்துது தெரியுமா. பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."

"பெறவு ஏம்ல திரும்பினே?"

"விடலியே. திரும்பு, திரும்புன்னு சோறு திங்கக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டுக்கிட்டே இருந்துது. நீ கூப்பிட்டா வராம இருக்க முடியுமா? பெறவு யாரு அடி வாங்குறது?"

வியாகுலம் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஊர் சிரித்தது. ராஜம்மா வந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இரண்டு வள்ளங்களையும் மேட்டில் ஏற்ற வேண்டும், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, துறையில் ஆண்கள் எல்லோரும் காலையிலிருந்து அலையோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்தார்கள். கையாட்கள் முன்னால் வந்து வள்ளத்தின் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஊர்க்காரர்களும், ஊர்க்காரர்களுக்கு நடுவில் ததேயுவும், ததேயுவுக்குப் பக்கத்தில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வியாகுலமும் தோள் கொடுத்தார்கள். யாரோ ஒரு கிழவர் ஏலேலோ என்று எடுத்துக்கொடுக்க, அத்தனை பேரும் ஒரே குரலில் ஐலசா என்றார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், ஒருவர் கையை ஒருவர் தட்டாமல், அந்தப் பெரிய ஈரப் பாரம் மணல்மேட்டில் ஏறியது.